ரெண்டு பேரு ஒரே வரியில கை வச்சா: ஓப்பன் சோர்ஸ்ல மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம்னு நம்ம பக்கத்துல இருந்து ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது கோடு எல்லாருக்கும் தொறந்து கெடக்குற சாஃப்ட்வேர் வேலைக்கு, வர்ற பசங்களப் பாத்தா எனக்கு ரொம்ப சந்தோசமா இருக்கு. ஆனா முதல் புல் ரிக்வெஸ்ட் (நான் மாத்துனத உங்க ப்ராஜெக்ட்ல சேத்துக்கோங்கன்னு கேக்குறது) போட்டு, "இந்த பிராஞ்ச்ல கான்ஃப்ளிக்ட் இருக்கு, சரி பண்ணாம மெர்ஜ் பண்ண முடியாது"னு ஒரு வரி வந்துருச்சுன்னா (பிராஞ்ச்னா நீங்க தனியா வச்சு எழுதுற பிரதி, மெர்ஜ்னா அத எல்லாருக்கும் பொதுவான மெயின் கோடோட சேக்குறது) சில பேரு என்னமோ பெரிய தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சு அதோட விட்டுர்றாங்க. எழுதுன கோடு நல்ல கோடா இருக்கும், யாருக்கோ உபயோகமாகியிருக்கும், கேப்பாரில்லாம அங்கயே கெடக்கும். அதனாலதான் இத எழுதுறேன். கான்ஃப்ளிக்ட்னா நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு அர்த்தமே கெடயாது. நீங்க வேல பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல இன்னொருத்தரும் அதே எடத்துல வேல பாத்திருக்காரு, ரெண்டயும் எப்படிச் சேக்குறதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல, மனுசங்க வந்து சொல்லுங்கன்னு கேக்குது, அவ்வளவுதான்.

ஒரே உதாரணத்த வச்சு முழுசும் பேசிருவோம். மீனவங்களுக்கு காத்து எச்சரிக்கை காட்டுற ஒரு சின்ன ஆப் இருக்குன்னு வச்சுக்கோங்க, கற்பனைதான். பைத்தான்ல எழுதுனது, கோடு போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல ஓப்பனா கெடக்கு. மண்டபத்துல ஒரு அக்கா மெயின்டெய்னர், அதாவது யாரு என்ன அனுப்புனாலும் பாத்து சேக்குறது அவங்க பொறுப்பு. பாம்பன்ல இருந்து ஒரு பொண்ணு, கீழக்கரைல இருந்து ஒரு அண்ணன், தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி, இவங்க மூணு பேரும் அப்பப்ப கோடு அனுப்புவாங்க. ஆப்ல முக்கியமான வரி ஒண்ணுதான்:

எச்சரிக்கை_வேகம் = 45

பைத்தான் 3-ல தமிழ்லயே இப்படிப் பேர் வைக்கலாம், ஓடும். 45 எதுக்குன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, "மன்னார் வளைகுடாவுல மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்துல சூறாவளிக் காற்று, இடையிடையே 65 கிலோமீட்டர்"னு வானிலை மையம் சொல்றத எத்தன தடவ கேட்டிருப்போம். இன்னொண்ணும் இங்கயே சொல்லிர்றேன், நான் கீழ குடுக்குற நம்பரெல்லாம் உதாரணத்துக்குத்தான், கடலுக்குப் போறவங்க வானிலை மையமும் மீன்வளத்துறையும் சொல்றதத்தான் கேக்கணும்.

முன்னாடி எப்படி இருந்துச்சு

ஒரு ஃபைல ரெண்டு பேரு மாத்துறது ரொம்ப காலத்துப் பிரச்சன. 1980-கள்ல ஆர்சிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்துச்சு, அதுல ஒருத்தர் ஃபைல எடுத்தா அதுக்குப் பூட்டு விழுந்துரும், அவர் திருப்பி வைக்கிற வரைக்கும் அடுத்தவர் கை வைக்க முடியாது. கான்ஃப்ளிக்டே வராது, உண்மதான், ஆனா பூட்டிட்டு ஒருத்தர் லீவுல போயிட்டா மத்தவங்க கதி என்ன? 1986-ல டிக் க்ரூன் ஆரம்பிச்ச சிவிஎஸ் அந்தப் பூட்டத் தூக்கிட்டு, எல்லாரும் ஒரே நேரத்துல மாத்திக்கோங்க, பின்னாடி சேத்துக்கலாம்னு வந்துச்சு. அந்த "பின்னாடி சேத்துக்கலாம்"தான் இன்னைக்கு நம்ம பேசுற மெர்ஜ். இப்ப நம்ம இந்த வேலைக்கு உபயோகிக்கிற கிட்ங்கிற சாஃப்ட்வேர் வந்தது 2005 ஏப்ரல்ல. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கர்னல எழுதுற ஆளுங்க அதுவர இலவசமா வச்சிருந்த பிட்கீப்பர்ங்கிற சாஃப்ட்வேர இனிமே அப்படி உபயோகிக்க முடியாதுன்னு ஆனதும் லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து சொந்தமா எழுதுனது அது, அதே வருசம் ஜூலைல ஜூனியோ ஹமானோ கையில குடுத்துட்டாரு.

கிட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் முழு ரெப்போவும், அதாவது எல்லா ஃபைலும் அதோட பழைய வரலாறும், இருக்கும். தனுஷ்கோடி ரோட்டுல சிக்னல் இல்லாத எடத்துல உக்காந்து கூட கமிட் போடலாம் (மாத்துனத ஒரு குறிப்போட பதிஞ்சு வைக்கிறது), நெட் வந்தப்பறம் தள்ளிவிடலாம். நம்ம ஊருக்கு இது பெரிய வசதி. ஆனா அதே வசதிதான் கான்ஃப்ளிக்டுக்கும் காரணம், ஒரு வாரம் நீங்க தனியா எழுதிக்கிட்டே போனா அந்த ஒரு வாரமும் மெயின் பிராஞ்ச் உங்களுக்காக நிக்காது, அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்.

கிட் எப்படி முடிவு பண்ணுது

இந்த எடம் புரிஞ்சிட்டா மீதி எல்லாம் ஈஸி, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

ரெண்டு ஃபைல மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா யாரு மாத்துனாங்கன்னு சொல்லவே முடியாது. ஒண்ணுல 45, இன்னொண்ணுல 35. 45-அ 35 ஆக்குனாங்களா, 35-அ 45 ஆக்குனாங்களா? தெரியாது. அதனால கிட் மூணாவதா ஒண்ணத் தேடி எடுக்கும், ரெண்டு பேரும் பிரிஞ்சு போறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணா இருந்தப்ப ஃபைல் எப்படி இருந்துச்சுங்கிறது. அதுக்குப் பேரு மெர்ஜ் பேஸ். இப்ப பேஸ், என்னோடது, உங்களோடதுன்னு மூணும் கையில இருக்கு. பேஸ்ல 45, என்கிட்ட 45, உங்ககிட்ட 35ன்னா மாத்துனது நீங்கதான், நான் தொடவே இல்ல, அப்ப 35 எடுத்துக்கும், யாரையும் கேக்காது. ரெண்டு பேருமே 35 ஆக்கியிருந்தா அதுக்கும் பிரச்சன இல்ல. ரெண்டு பேரும் தொட்டு, ஆளுக்கு ஒரு மாதிரி மாத்தியிருந்தா மட்டும்தான் அது நின்னு கைய விரிக்கும். ஒரே வரின்னு கூட இல்ல, ஒட்டி அடுத்தடுத்து இருக்குற வரிய ஆளுக்கொண்ணா மாத்தியிருந்தாலும் கான்ஃப்ளிக்டுன்னுதான் சொல்லும். ஒருத்தர் ஃபைல மாத்தியிருக்க இன்னொருத்தர் அந்த ஃபைலயே அழிச்சிருந்தாலும் அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது என்னன்னா கிட்டுக்கு 45ன்னா என்ன, காத்துன்னா என்ன, வல்லம்ங்கிற சின்ன நாட்டுப்படகுன்னா என்ன, ஒண்ணுமே தெரியாது. அது பாக்குறது எழுத்த மட்டும்தான். இத மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல இதுக்கே திரும்ப வருவோம்.

அந்த அம்புக்குறிங்க

பாம்பன் பொண்ணோட அப்பா வல்லத்துல போறவரு. 45 வர்ற வரைக்கும் ஆப் சும்மா இருந்தா சின்ன வல்லத்துக்கு லேட்டு, முன்னாடியே சொல்லணும்னு அவ தன்னோட பிராஞ்ச்ல அத 35 ஆக்குறா. அதே வாரம் கீழக்கரை அண்ணன், எச்சரிக்கை_வேகம்னு மொட்டையா இருந்தா கிலோமீட்டரா, இல்ல கடல்ல வேகம் சொல்ற நாட் கணக்கான்னு எவனுக்குத் தெரியும்னு நெனச்சு பேர எச்சரிக்கை_வேகம்_கிமீன்னு மாத்தி, அது வர்ற எல்லா ஃபைல்லயும் திருத்தி அனுப்பிட்டாரு. அவரோடது முதல்ல மெயின்ல சேந்துருச்சு. இப்ப இவ மெயின தன்னோட பிராஞ்சுக்குள்ள மெர்ஜ் பண்றா, ஃபைல்ல இப்படி வருது:

<<<<<<< ஹெட்
எச்சரிக்கை_வேகம் = 35
=======
எச்சரிக்கை_வேகம்_கிமீ = 45
>>>>>>> மெயின்

மேல இருக்குறது இப்ப நீங்க நிக்கிற பிராஞ்ச்ல உள்ளது, கீழ இருக்குறது வெளிய இருந்து வர்றது, நடுவுல கோடு. இது எதோ மந்திரம் இல்ல, சாதா எழுத்துதான், உங்க ஃபைலுக்குள்ளயே கிட் எழுதி வச்சிருக்கு. நீங்க அந்த எடத்த எப்படி இருக்கணுமோ அப்படி எழுதி, அம்புக்குறி மூணையும் அழிச்சு, சேவ் பண்ணி, கிட் ஆட் பண்ணி கமிட் போட்டா முடிஞ்சுது.

புதுசா வர்றவங்க இங்க பண்றது என்னன்னா எடிட்டர்ல "என்னோடத எடு", "அவங்களோடத எடு", "ரெண்டயும் எடு"ன்னு மூணு பட்டன் இருக்குமில்ல, அதுல எதாவது ஒண்ண அமுக்கிர்றாங்க. இந்த எடத்துல அந்த மூணுமே தப்பு. அவளோடத எடுத்தா பழைய பேரு திரும்ப வந்துரும், அண்ணன் மத்த ஃபைல்ல புதுப் பேர எழுதி வச்சிருக்காரு, ஆப் ஓட்டுன உடனே "அப்படி ஒரு பேரே இல்ல"ன்னு நின்னுரும். மெயின்ல உள்ளத எடுத்தா ஆப் நல்லா ஓடும், ஆனா 45 அப்படியே இருக்கும், அவ எதுக்காக இவ்வளவு நேரம் உக்காந்தாளோ அது போச்சு. ரெண்டயும் எடுத்தா இன்னும் மோசம், ரெண்டு வரியும் இருக்கும், ஆப்பும் ஓடும், எரரே வராது, ஆனா 35 இருக்குற வரிய யாருமே படிக்க மாட்டாங்க, எல்லாமே கிமீ போட்ட பேரத்தான் பாக்கும். சரி பண்ணிட்டோம்னு நெனச்சு நிம்மதியா இருப்பா, வல்லத்துல இருக்குறவருக்கு எச்சரிக்கை பழையபடி லேட்டாத்தான் வரும்.

சரியானது எந்த பட்டன்லயும் இல்லாத நாலாவது ஒண்ணு:

எச்சரிக்கை_வேகம்_கிமீ = 35

ரெண்டு பேரு நெனச்சதும் இதுக்குள்ள இருக்கு. அண்ணனுக்கு யூனிட் தெரியணும், இவளுக்கு எச்சரிக்கை சீக்கிரம் வரணும். அப்ப கான்ஃப்ளிக்ட சரி பண்றதுன்னா எந்த வரிய வைக்கிறதுன்னு பாக்குறது இல்ல, ரெண்டு பேரும் எதுக்காக மாத்துனாங்கன்னு பாக்குறது. அது ஃபைல்ல இருக்காது, கமிட் மெசேஜ்ல இருக்கும், புல் ரிக்வெஸ்ட்ல எழுதியிருப்பாங்க, அங்கயும் இல்லன்னா ஆள்கிட்டயே கேக்கணும். "அண்ணே, நீங்க பேர மாத்துனது யூனிட் தெரியணும்னுதானே? நான் 35 ஆக்குனது வல்லத்துக்காக. ரெண்டயும் சேத்து இப்படிப் போட்டுறவா?"ன்னு ஒரு கமெண்ட் போட்டா போதும், அவரும் "ஆமாம்மா, அதுக்குத்தான், சேத்துப் போடு, நான் பாத்துட்டு ஓகே சொல்றேன்"ன்னு சொல்லப்போறாரு. இதனாலதான் கமிட் மெசேஜ்ல "சரி பண்ணேன்", "அப்டேட்"ன்னு மட்டும் எழுதாதீங்கன்னு நான் யாரப் பாத்தாலும் சொல்றேன். "சின்ன வல்லங்களுக்கு முன்னாடியே எச்சரிக்கை வர 45-ல இருந்து 35 ஆக்கினேன்"னு எழுதியிருந்தா ஆறு மாசம் கழிச்சு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கூட சரியா சேத்துருவாரு.

ஒரு செட்டிங் மட்டும் இன்னைக்கே போட்டு வைங்க. கிட்ல கான்ஃப்ளிக்ட் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு, அத டிஃப்3ன்னு மாத்துனா நடுவுல பேஸயும் சேத்துக் காட்டும்:

<<<<<<< ஹெட்
எச்சரிக்கை_வேகம் = 35
||||||| பேஸ்
எச்சரிக்கை_வேகம் = 45
=======
எச்சரிக்கை_வேகம்_கிமீ = 45
>>>>>>> மெயின்

இப்ப பாருங்க, ஒரு பக்கம் நம்பர் மட்டும் மாறியிருக்கு, இன்னொரு பக்கம் பேரு மட்டும் மாறியிருக்குன்னு பாத்த உடனே தெரியுது. யார் என்ன மாத்துனாங்கன்னு யூகிக்கவே வேண்டாம். எனக்குக் கேட்டா இதுதான் முதல்லயே டீஃபால்ட்டா இருந்திருக்கணும்.

அப்பறம் பயம் வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மெர்ஜ் நடுவுல கொழம்பிருச்சுன்னா கிட் மெர்ஜ் அபார்ட்னு அடிச்சா மெர்ஜ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்த நெலமைக்குப் போயிரும். அதுக்கு முன்னாடி கையில இருக்குற வேலைய கமிட் பண்ணி வச்சுக்கிட்டீங்கன்னா எதுவும் போகாது. ரீபேஸ் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரீபேஸ்ல மேல கீழ மாறி வரும். ரீபேஸ்னா உங்க கமிட்ட எல்லாம் எடுத்து மெயினோட நுனியில ஒவ்வொண்ணா திரும்ப வைக்கிறது, அதனால அந்த நேரத்துல கிட் நிக்கிற எடம் மெயின்தான், மேல வர்றது மெயின்ல உள்ளது, கீழ வர்றது உங்களோடது. "என்னோடத எடு"ன்னு கண்ண மூடிட்டு அமுக்குனா உங்க வேலதான் காணாமப் போகும். இன்னொண்ணு, நீங்க தள்ளிவிட்ட பிராஞ்ச எடுத்து வேற யாராவது அதுக்கு மேல வேல பாத்துக்கிட்டு இருந்தா அத ரீபேஸ் பண்ணாதீங்க, அவங்ககிட்ட இருக்குற வரலாறும் உங்க வரலாறும் வேற வேற ஆயிரும்.

சத்தமே வராத மோதல்

மேல சொன்ன கான்ஃப்ளிக்ட பாத்து பயப்பட ஒண்ணுமில்ல, அதுதான் வந்து சொல்லிருதே. சொல்லாம வர்றதுதான் ஆபத்து, நம்ம ஆப் மாதிரி விசயத்துல அது உயிர் சம்பந்தப்பட்டது.

தங்கச்சிமடம் தம்பி ஒரு மாத்தம் அனுப்புறான். படகுல எல்லாம் நாட் கணக்குலதான் பேசுறாங்க, அதனால காற்று_வேகம்ங்கிற ஃபங்ஷன் இனிமே கிலோமீட்டர்ல சொல்லாம நாட்ல சொல்லட்டும்னு மாத்தி, அது அன்னைக்கு உபயோகத்துல இருந்த எல்லா எடத்தயும் ஒழுங்கா திருத்திட்டான். சரியான வேலதான். அதே நாள்ல கீழக்கரை அண்ணன் புதுசா ஒரு ஃபைல் அனுப்புறாரு, குரல்ல எச்சரிக்கை சொல்றதுக்கு. அதுல காற்று_வேகம் 45-க்கு மேல போனா பேசுன்னு எழுதியிருக்காரு. அவர் எழுதுனப்ப ஃபங்ஷன் கிலோமீட்டர்லதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் சரியான வேலதான்.

ரெண்டும் வேற வேற ஃபைல். கிட் பாத்துச்சு, எந்த வரியும் மோதல, சத்தமில்லாம சேத்துருச்சு. ரெண்டு புல் ரிக்வெஸ்ட்லயும் டெஸ்ட் (கோடு சரியா ஓடுதான்னு தானா பாக்குறது) எல்லாம் பச்ச, அதாவது பாஸ். ஆனா சேந்தப்பறம் என்ன ஆச்சு? ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். இப்ப அந்தக் குரல் எச்சரிக்கை வாயத் தொறக்கணும்னா காத்து 45 நாட்டத் தாண்டணும், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டருக்கு மேல. வானிலை மையம் 62 கிலோமீட்டர் வந்தாலே புயல்னு சொல்லிரும். புயலே அடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஆப் அமைதியா உக்காந்திருக்கும். ரெண்டு பேருல யாரு தப்பு பண்ணா? யாருமே இல்ல. தனித்தனியா ரெண்டும் சரி, சேந்தா தப்பு. இதத்தான் செமான்டிக் கான்ஃப்ளிக்ட்னு சொல்றாங்க, எழுத்துல மோதாது, அர்த்தத்துல மோதும். கிட் எழுத்த மட்டும்தான் பாக்கும்னு முன்னாடி சொன்னேன்ல, அது இங்கதான் வந்து நிக்குது.

இதப் புடிக்க வழி இருக்கா? இருக்கு. டெஸ்ட் ரெண்டு பேருக்கும் பச்சயா வந்ததுக்குக் காரணம், அந்த டெஸ்ட் ஓடுனது மத்தவரோட மாத்தம் இல்லாத பழைய மெயின் மேல. சேத்தப்பறம் கெடைக்கிறது எதுவோ அது மேல ஓட்டியிருந்தா, "50 கிலோமீட்டர் காத்து அடிச்சா ஆப் பேசணும்"ங்கிற டெஸ்ட் உடனே செவந்திருக்கும், ஏன்னா 50 கிலோமீட்டர்னா 27 நாட்தான். பெரிய ப்ராஜெக்ட்ல இதுக்கு வரிசை வச்சிருக்காங்க. ரஸ்ட்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட ரெப்போல போர்ஸ்னு ஒரு பாட் (தானா ஓடுற ப்ரோக்ராம்), மெர்ஜ் ஆகப்போற ஒவ்வொண்ணயும் அந்த நிமிசத்து மெயினோட சேத்து வச்சு முழு டெஸ்டயும் ஓட்டிப் பாத்து, பாஸ் ஆனா மட்டும்தான் உள்ள விடும். கிட்ஹப்பும் 2023-ல மெர்ஜ் க்யூன்னு இதயே பொது உபயோகத்துக்குக் கொண்டுவந்துச்சு. சின்ன ப்ராஜெக்டுக்கு அவ்வளவு எல்லாம் வேண்டாம், மண்டபம் அக்கா ஒருத்தரோடத சேத்தப்பறம் அடுத்தவர்கிட்ட "தம்பி, மெயின ஒரு தடவ உள்ள இழுத்து டெஸ்ட ஓட்டிட்டு சொல்லு"ன்னு கேட்டா அதுவே பாதி காப்பாத்திரும். எச்சரிக்கை_வேகம்_கிமீன்னு அண்ணன் பேரு வச்ச மாதிரி ஃபங்ஷனுக்கும் காற்று_வேகம்_கிமீன்னு பேரு இருந்திருந்தா, தம்பி யூனிட்ட மாத்தும்போது பேரயும் மாத்தியிருப்பான், அண்ணனோட புது ஃபைல் பழைய பேரத் தேடி அங்கயே நின்னிருக்கும். எரர் வந்து நிக்கிறது நல்லதுங்க, சும்மா ஓடுறதுதான் கெட்டது.

ஆளுங்களுக்குள்ள வர்றது

மூணாவது வகை ஒண்ணு இருக்கு, அது கோடே இல்ல. 35 ஆக்குனது மெயின்ல சேந்ததும் விசைப்படகுக்காரங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்து, 35-க்கே அடிச்சா எங்களுக்கு எப்பப் பாத்தாலும் அடிச்சுக்கிட்டே இருக்கும், கடைசியில எல்லாரும் ஆஃப் பண்ணிப் போட்டுருவாங்க, திரும்ப 45 ஆக்குங்கன்னு புல் ரிக்வெஸ்ட் போடுறாரு. அவரு சொல்றதும் நெசம். ஓயாம அடிக்கிற அலாரத்த யாரும் மதிக்க மாட்டாங்க. இத ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மெர்ஜ் பண்ணிக்கிட்டு இருந்தா ப்ராஜெக்ட் செத்துரும்.

நம்ம கடல்ல இந்த மாதிரி ஒண்ண ஏற்கனவே பாத்திருக்கோம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாள் ஒரே எடத்துல எறங்குனா வலை அறுந்து சண்டைதான், அதனாலதான் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மத்த நாலு நாள் நாட்டுப்படகுன்னு பிரிச்சு வச்சாங்க. யாரு பெரியவன்னு பாக்காம, ரெண்டு பேரும் தொழில் பண்ணணும், அதுக்கு என்ன ஏற்பாடுன்னு பாத்தாங்க. மெயின்டெய்னரோட வேலயும் அதுதான். நம்ம ஆப்ல மண்டபம் அக்கா 35-ஆ 45-ஆன்னு தீர்ப்பு சொல்லத் தேவையே இல்ல. ஆப் முதல் தடவ தொறக்கும்போது என்ன படகுன்னு கேட்டுட்டு, நாட்டுப்படகுக்கு ஒரு வேகம், விசைப்படகுக்கு ஒரு வேகம்னு ரெண்டு வரி வச்சா முடிஞ்சுது. சண்டையா வந்த ரெண்டு புல் ரிக்வெஸ்டும் சேந்து இல்லாத ஒரு வசதியக் கண்டுபுடிச்சுக் குடுத்துருச்சு.

எல்லாத்துக்கும் இப்படி நடுவழி கெடைக்காது. அப்பாச்சிங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்போட ப்ராஜெக்டுகள்ல ஒரு முறை இருக்கு, கோடு மாத்தத்துக்கு ஓட்டு உள்ள ஒருத்தர் மைனஸ் ஒண்ணு போட்டா அது நின்னுரும், ஆனா அவரு டெக்னிக்கலா ஒரு காரணம் எழுதியே ஆகணும், எனக்குப் புடிக்கலன்னு மட்டும் சொன்னா செல்லாது. இந்தக் "காரணம் எழுது"ங்கிறது எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம், நம்ம சின்ன ப்ராஜெக்டுக்கும் அப்படியே எடுத்துக்கலாம். ஒத்தே வரலன்னா தனியா பிரிஞ்சு போறவங்களும் உண்டு, அதுக்கு ஃபோர்க்னு பேரு. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட் ஜேஎஸ்ங்கிற ப்ராஜெக்ட்ல இருந்து 2014 கடைசியில ஐஓ ஜேஎஸ்னு ஒரு கூட்டம் பிரிஞ்சு போச்சு, ஆனா அடுத்த வருசமே திரும்ப ஒண்ணா சேந்துட்டாங்க, 2015 செப்டம்பர்ல வந்த நோட் 4 ரெண்டும் சேந்ததுதான். பிரிஞ்சா பகைன்னு இல்ல.

பெரிய எடத்துல எப்படி சமாளிக்கிறாங்க

லினக்ஸ் கர்னல்ல ஆயிரக்கணக்கான பேரு எழுதுறாங்க. அங்க புது வசதி எல்லாம் உள்ள வர்றதுக்கு மெர்ஜ் விண்டோன்னு ரெண்டு வாரம்தான், அப்பறம் கதவு சாத்திரும், மிச்ச ஏழெட்டு வாரமும் வாரா வாரம் ஆர்சின்னு ஒரு சோதனைப் பதிப்பு வெளியிட்டு தப்பு திருத்துறது மட்டும்தான். அந்த ரெண்டு வாரத்துல எல்லாம் வந்து குமிஞ்சா மோதாதான்னு கேப்பீங்க. அதுக்குத்தான் 2008-ல ஸ்டீஃபன் ராத்வெல் லினக்ஸ் நெக்ஸ்ட்னு ஒண்ண ஆரம்பிச்சாரு. நெட்வொர்க் ஆளுங்க, ஃபைல் சிஸ்டம் ஆளுங்கன்னு ஒவ்வொரு பிரிவும் அடுத்த ரிலீஸுக்கு வச்சிருக்குற பிராஞ்ச எல்லாம் வேல நாள்ல தெனமும் எடுத்து முன்கூட்டியே சேத்துப் பாக்குறது. எங்க மோதுதோ அங்க ரெண்டு பிரிவுக்கும் மெயில் போயிரும். லினஸ்கிட்ட வந்து சேர்றதுக்கு வாரக்கணக்குல முன்னாடியே "உங்க ரெண்டு பேருக்கும் இந்த எடத்துல இடிக்குது"ன்னு தெரிஞ்சுரும்.

அதுல இன்னொரு விசயம் புதுசா வர்றவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். கான்ஃப்ளிக்ட மறைக்கிறதுக்காக மெயின உங்க பிராஞ்சுக்குள்ள சும்மா சும்மா இழுத்துட்டு வராதீங்க, கான்ஃப்ளிக்டோடயே அனுப்புங்க, எங்க இடிக்கும்னு லெட்டர்ல எழுதிருங்கன்னு கர்னல் கையேட்டுலயே சொல்லியிருக்காங்க. லினஸுக்கு அத சரி பண்றது தெனசரி வேல, எங்க ரெண்டு பிரிவு மோதுதுன்னு அவருக்குத் தெரியறதே நல்லதுன்னு கணக்கு. ஆனா கிட்ஹப்ல இருக்குற முக்காவாசி ப்ராஜெக்ட்ல நேர் எதிரு, அனுப்புறவரே சரி பண்ணிக் குடுக்கணும். அதனால எந்த ப்ராஜெக்டுக்குப் போனாலும் எப்படி அனுப்பணும்னு அவங்க எழுதி வச்சிருக்குற கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல முதல்ல படிங்க.

மோதாம இருக்க

முழுசா தவிர்க்க முடியாது, கொறைக்கலாம். புல் ரிக்வெஸ்ட் சின்னதா இருக்கட்டும், ஒரு வேலைக்கு ஒண்ணு. காத்து எச்சரிக்கைய மாத்தப் போன எடத்துல ஃபைல் முழுக்க இடைவெளிய அழகுபடுத்தி அனுப்பாதீங்க, நூறு வரி மாறியிருக்கும், அந்த ஃபைல்ல வேல பாக்குற அத்தன பேருக்கும் கான்ஃப்ளிக்ட் போயிச் சேரும். அழகுபடுத்தணும்னா மெயின்டெய்னர்கிட்ட சொல்லி எல்லாருடைய வேலயும் உள்ள வந்தப்பறம் தனியா ஒரே கமிட்டா போடுங்க. விண்டோஸ்ல எழுதி லினக்ஸ்ல எழுதுறவங்களோட சேர்ற எடத்துல வரி முடிவு மாறி மொத்த ஃபைலுமே மாறுன மாதிரி காட்டும், அதுக்கு கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல ஒரு வரி போட்டா தீந்துச்சு. எந்த லைப்ரரிக்கு எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிற லாக் ஃபைல்ல கான்ஃப்ளிக்ட் வந்தா கையால திருத்தவே கூடாது, மெயின்ல உள்ளத எடுத்துட்டு இன்ஸ்டால் கட்டளைய ஓட்டி புதுசா உருவாக்கிக்கோங்க.

ஒவ்வொரு ரிலீஸ்லயும் என்ன மாறுச்சுன்னு எழுதுற சேஞ்ச்லாக் ஃபைல் ஒரு தலவலி, எல்லாரும் ஒரே எடத்துலதான் புது வரி சேப்பாங்க, எல்லாரும் மோதுவாங்க. பைத்தான் கோட டெஸ்ட் பண்ற பைடெஸ்ட் ப்ராஜெக்ட்ல இதுக்கு நல்ல வழி வச்சிருக்காங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு குட்டி ஃபைல் தனியா எழுதிப் போட்டுறணும், ரிலீஸ் அன்னைக்கு டவுன்க்ரையர்ங்கிற டூல் எல்லாத்தயும் சேத்து ஒரே சேஞ்ச்லாக்கா ஆக்கிரும். வேற வேற ஃபைல்னா மோத என்ன இருக்கு.

வேலய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த வேலையப் பத்தி ப்ராஜெக்ட்ல இருக்குற இஷ்யூ பக்கத்துல "இத நான் எடுத்துக்குறேன்"னு ஒரு வரி போடுறது எல்லாத்தயும் விட முக்கியம். அப்படியும் ரெண்டு பேரு ஒரே வேலயப் பண்ணி அனுப்பிட்டாங்கன்னா, ஒருத்தரோடத எடுத்துட்டு இன்னொருத்தரோடத சும்மா மூடிப் போட்டா அந்த ஆளு திரும்ப வரவே மாட்டாரு, நம்ம ஊர்ல இருந்து ஒருத்தர் தட்டுத்தடுமாறி முதல் தடவ அனுப்புனதா கூட அது இருக்கலாம். ரெண்டுலயும் நல்லத எடுத்து ஒண்ணாக்கி, கமிட் மெசேஜ் கடைசியில கோ ஆத்தர்ட் பைன்னு இன்னொருத்தர் பேரயும் மெயிலயும் ஒரு வரி எழுதுனா கிட்ஹப் ரெண்டு பேரயும் எழுதுனவங்களா காட்டும். மெயின்டெய்னரா இருக்குறவங்க இத தயவுசெஞ்சு பழக்கமாக்கிக்கோங்க.

நீங்களே செஞ்சு பாருங்க

படிச்சா மட்டும் வராது. ஃப்ரெண்டு ஒருத்தரக் கூட்டிக்கோங்க, ரெண்டு லேப்டாப் வேணும். ஒரு ரெப்போ தொறந்து ஒரே ஒரு ஃபைல், அதுல ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம்னு ஸ்டேஷன் பேரா வரிக்கு ஒண்ணு எழுதி மெயின்ல போடுங்க. ரெண்டு பேரும் தனித்தனி பிராஞ்ச் எடுத்து முதல் ரவுண்டுல ஒருத்தர் மேல் வரிய, இன்னொருத்தர் கடைசி வரிய மாத்தி மெர்ஜ் பண்ணுங்க, சத்தமில்லாம சேந்துரும். ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு பேரும் மண்டபம் வரியவே ஆளுக்கு ஒரு மாதிரி மாத்துங்க, அம்புக்குறி வரும், கையால சரி பண்ணுங்க. மூணாவது ரவுண்டுல ஒருத்தர் பாம்பன், இன்னொருத்தர் அத ஒட்டி இருக்குற மண்டபம், வேற வேற வரிதானேன்னு நெனப்பீங்க, பாருங்க என்ன வருதுன்னு. அப்பறம் டிஃப்3 செட்டிங்க போட்டுட்டு ரெண்டாவது ரவுண்டயே திரும்ப ஓட்டுங்க, இந்தத் தடவ மெர்ஜுக்குப் பதிலா ரீபேஸ் பண்ணி, மேல எது வருது கீழ எது வருதுன்னு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாருங்க.